ருக்குமணி தொடாத மூன்றாவது கட்டம்

ருக்குமணியிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு முறை திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். பாசார் சந்தையில் கெம்போங் மீனானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பின்பக்கத்தைக் காட்டியே ஆக வேண்டும். மீன்காரர் முதலில் முறைத்தார். இருபது வருஷம் பழகிய பிறகு அவரே மீனைப் புரட்டிக் காட்டிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். அவள் கணவர் அய்யாக்கண்ணு பினாங்குக்கு எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். கேட்பவர்களிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பது ஒன்றுதான்: "இவ சரியா செக் பண்ணாம எடுத்த ஒரே சாமான் நான்தான் லா."

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தாளின் பின்பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அதுவும் சொகுசுக் கப்பலில் நின்றுகொண்டு, ஆறு பேருடைய காசைக் கையில் வைத்துக்கொண்டு. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் அவள் பார்த்த வேலையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நூற்று நாற்பத்துநான்கு மலேசிய வெள்ளிக்காக ஒருத்தி இவ்வளவு தவிப்பாளா என்று நீங்கள் கேட்பீர்கள்.

எழுபத்துநாலாம் வருஷம், பதினெட்டு வயதில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் சேர்ந்தாள். முதல் நாளே மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்கள். கண்ணுக்குக் கீழே நகத்தளவு சில்லு ஒன்று பெரிய மைதானமாக விரியும். அதில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, தங்கக் கம்பி விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் கண் வலிக்கிறது என்று பாதிப் பெண்கள் வேறு பிரிவுக்கு ஓடினார்கள். ருக்குமணிக்கு மட்டும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. ஊரில் யாரும் பார்க்காத ஒன்றைத் தான் மட்டும் பார்க்கிறோம் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம், அதை அவள் மறைத்ததும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் மூன்றாவது லைனுக்குத் தலைமைச் செக்கராக உயர்ந்தாள். சட்டைப் பையில் கட்டைவிரலளவு பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். கோயிலுக்குப் போனாலும் அது கைப்பையில் வரும்.

குறையுள்ள சாமான் வந்தால் அந்த ஃபேக்டரியில் பிங்க் தாள் எழுத வேண்டும். என்ன குறை என்று மேலே எழுதி, யார் கையால் வந்ததோ அவளே அதன் கீழ் தன் பெயரைப் போட வேண்டும். அதற்குக் கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் குப்பைக்குப் போகும். இரண்டாவதில் அடித்தால் திருத்தி மறுபடி செய்வார்கள். மூன்றாவது கட்டத்துக்கு 'யூஸ் ஆஸ் இஸ்' என்று பெயர். குறை இருப்பது உண்மைதான், ஆனால் அதனால் வேலை கெடாது, அப்படியே போகட்டும் என்று அதற்கு அர்த்தம். அதற்கு மட்டும் செய்தவள், பார்த்தவள், எஞ்சினியர் என்று மூன்று கையெழுத்து வேண்டும்.

ருக்குமணி தன் சர்வீஸில் மூன்றாவது கட்டத்தைத் தொட்டதே கிடையாது. "கொற இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டே எப்படி லா அனுப்புறது?" என்பாள். எஞ்சினியர்களே அவளிடம் வாதாடிப் பார்த்துவிட்டு நமக்கேன் வம்பு என்று போய்விடுவார்கள்.

இதில் அடிபட்டவர்களில் அதே லைனில் வேலை பார்த்த சந்திரிகாவும் ஒருத்தி. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கையால் வந்த ஒரு லாட்டில், அந்தத் தொகுதிச் சில்லுகள் எல்லாவற்றிலும், மேலே அச்சடித்த எழுத்து இம்மியளவு சாய்ந்திருந்தது. சில்லுக்கு ஒரு கெடுதலும் இல்லை. "அக்கா, மூணாவது கட்டத்துல போட்டுருங்கக்கா, தீவாளி வருது" என்று சந்திரிகா கெஞ்சினாள். ருக்குமணி முதல் கட்டத்தில் டிக் அடித்து, பேனாவை அவளிடம் நீட்டினாள். சந்திரிகா பெயரைப் போட்டாள். அந்த முறை போனஸும் போயிற்று. அதற்குப் பிறகு அவள் ருக்குமணியிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை, மரியாதைக்கு மேலும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ருக்குமணிக்கு அது தெரியும். செய்தது சரிதான் என்றும் தெரியும். இரண்டும் தெரிந்தே நாலு வருஷம் ஓடிவிட்டது.

ஃபேக்டரிக்கு வெளியே ருக்குமணிக்கு இன்னொரு பதவி இருந்தது. அவள் கூட்டுப் பிடிப்பவள். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து எடுக்கும் அந்தக் கூட்டில் ஒரு சென் காசு கூடக் குறைந்ததில்லை. பிங்க் தாளின் அச்சு ஒரு முறை மாறியபோது பழைய கட்டுகளைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். ஸ்டோரில் கேட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதன் வெற்றுப் பக்கத்தில்தான் கூட்டுக் கணக்கை எழுதி வந்தாள்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் ரொஸ்னா ஒரு யோசனை சொன்னாள். ரொஸ்னா பக்கத்து மேசைக்காரி, மலாய்ப் பெண், ருக்குமணியோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள், அவளை 'கக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து தாய்லாந்தில் இருக்கும் புக்கெட்டுக்குக் கப்பல் போகிறதாம், வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கிவிடலாமாம், ஆளுக்கு நானூற்று எழுபது வெள்ளியாம். "கக் ருக்கு, சாவுறதுக்குள்ள ஒரு தடவை நாமளும் கப்பல்ல படுத்துத் தூங்கணும்" என்றாள். அதற்கென்றே ஒரு கூட்டு ஆரம்பித்தது. ஆறு பெண்கள், மாதம் அறுபது வெள்ளி, பன்னிரண்டு மாதம்.

ஆறாவது ஆளாகச் சந்திரிகாவைச் சேர்க்க ரொஸ்னாதான் போய்ப் பேசினாள். சந்திரிகாவுக்கு இரண்டு பிள்ளைகள், கணவனுக்கு நிலையான வேலை இல்லை. அவள் நேராக ருக்குமணியிடமே வந்து கேட்டாள்.

"டிக்கெட் போக ஆளுக்கு எரநூத்தம்பது மிஞ்சுது. கப்பல்ல செலவு பண்ணாதது திரும்பி வருமா அக்கா?"

"செலவாகாத காசு ஒரு சென் கொறயாம ஒன் கைக்கு வரும். நான் சொல்றேன்" என்றாள் ருக்குமணி.

"நீங்க சொன்னா சரி" என்று சந்திரிகா முதல் அறுபது வெள்ளியை எண்ணி வைத்தாள். நாலு வருஷத்தில் அவள் மனம்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அது. ருக்குமணி அன்று வீட்டுக்கு வந்து அதை அய்யாக்கண்ணுவிடம் இரண்டு தடவை சொன்னாள்.

கிளம்பும் நாளன்று அய்யாக்கண்ணு அவள் கையில் நூற்றைம்பது வெள்ளியைத் திணித்தார். "இது கூட்டுக்காசு இல்ல, ஒனக்கு. எதாச்சும் வாங்கிக்க. கப்பல்லயும் போயி எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டு வந்துறாத" என்றார்.

கப்பலின் பெயர் எதற்கு, இப்போது அது எந்தக் கடலில் மிதக்கிறதோ. உள்ளே நுழைந்ததும் மாடி உயரத்துக்குக் கண்ணாடி விளக்கு, பித்தளைக் கைப்பிடி வைத்த படிக்கட்டு, ஒரு மூலையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். ஆறு பேரும் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றார்கள். கவுண்டரில் இருந்த கமால் என்ற இளைஞன் செபராங் ஜெயாக்காரன். மலாயில் பணிவாக விளக்கினான். கப்பலுக்குள் காசு செல்லாது, ஒரு அட்டைதான். எதை வாங்கினாலும் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். கப்பல் கணக்கு அமெரிக்க டாலரில் இருக்கும். ஆறு பேருக்கும் சேர்த்து முந்நூறு வெள்ளி போதும், தீர்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

"அப்ப முந்நூறு கட்டுவோம் அக்கா. வேணும்னா அப்புறம் போடலாம்" என்றாள் சந்திரிகா.

"அப்புறம்னா? நடுவுல காசு தீந்து, அதுக்கு மேல கையெழுத்துப் போட்டா அது கடன்தானே. நம்ம கூட்டுல கடன் கெடையாது" என்றாள் ருக்குமணி. கேபினில் பணம் வைத்தால் திருட்டுப் போகும் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. ஆயிரத்தைந்நூறு வெள்ளியையும் எண்ணி மேசை மேல் வைத்தாள். கமால் ஒரு தாளை நீட்டினான். அந்த நேரம் பார்த்துக் கப்பலின் சங்கு ஊதிற்று, பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார்கள், கரை மெல்ல நகர்ந்தது. ருக்குமணியும் நாற்பது வயதில் முதல் தடவையாகக் கப்பலில் நிற்பவள்தான். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அந்த மூன்று நாளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ருக்குமணிக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருந்ததையும் கேபின் கதவில் ஒரு திருகாணி சாய்ந்திருந்ததையும் கண்டுபிடித்தாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி. போதாததற்கு ரொஸ்னா டப்பா டப்பாவாக சம்பால் கொண்டுவந்திருந்தாள், இன்னொருத்தி முறுக்கு கொண்டுவந்திருந்தாள். புக்கெட்டில் கடற்கரை மணலில் ஆறு பேரும் முட்டி வரை நனைந்தார்கள். பாட்டு அறையை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, மலாய்ப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டார்கள். சந்திரிகாவுக்கு அவ்வளவு நல்ல குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவள் பாடி முடித்ததும் ருக்குமணி கை வலிக்கத் தட்டினாள். கப்பல் போட்டோக்காரர் எடுத்த படத்தில் ஆளுக்கு ஒரு பிரதி வாங்கினார்கள். செலவென்று பார்த்தால் அந்தப் படமும் பாட்டு அறையும் ஆறு கோப்பை ஐஸ்கிரீமும்தான். அதற்கும் ருக்குமணிதான் கையெழுத்து, ஒவ்வொன்றையும் பிங்க் தாளின் பின்னால் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மேல்தளத்தில் ருக்குமணி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சந்திரிகா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஷூ வாங்கணும் அக்கா. மிஞ்சுற காசுல வாங்கிருவேன். ஒங்க வார்த்தைய நம்பித்தான் வீட்டுல சொல்லிட்டு வந்தேன்" என்றாள்.

"எரநூத்துப் பதினெட்டு வரும்" என்றாள் ருக்குமணி. அதற்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். செலவு எழுபத்தாறு டாலர் சொச்சம். வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் பார்த்துக் குறித்திருந்த பேங்க் விலை, டாலருக்கு இரண்டரை வெள்ளி. அப்படிப் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வெள்ளி முப்பது சென் செலவு. முப்பது சென்னைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் ஆறு பேருக்கும் சரியாகப் பிரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கரை தெரிய ஆரம்பித்த நேரத்தில், கணக்கை முடிக்கக் கவுண்டருக்குத் தனியாகப் போனாள். கமால் ஒரு ரசீதையும் பணத்தையும் வைத்தான். ஆயிரத்து நூற்று அறுபத்துநான்கு வெள்ளி. அவள் எதிர்பார்த்தது ஆயிரத்து முந்நூற்றெட்டு.

"தம்பி, இது தப்பு. நிறுத்தி வை" என்றாள் மலாயில். ஃபேக்டரியில் லாட்டை நிறுத்தும் அதே குரல்.

"தப்பு இல்ல, கக்" என்றான் கமால். ரசீதைத் திருப்பி விரலால் காட்டினான். முன்பணம் கட்டியபோது டாலருக்கு இரண்டு வெள்ளி அறுபது என்று மாற்றியிருக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறும் ஐந்நூற்று எழுபத்தாறு டாலர் சொச்சமாகிவிட்டது. செலவு போக மீதி ஐந்நூறு டாலர். திருப்பித் தரும்போது டாலருக்கு இரண்டு வெள்ளி நாற்பதுதான். அதற்கு மேல் மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு மூன்று, அது முப்பத்தாறு வெள்ளி. போகும்போது ஒரு கடி, வரும்போது ஒரு கடி, கடித்ததற்குக் கூலி தனியாக. செலவே செய்யாத காசு, கப்பல் பெட்டியில் மூன்று நாள் தூங்கிய காசு, அதற்கு இந்தக் கதி. இதை யோசித்துக் கண்டுபிடித்தவன் எந்த ஊர் ஹோட்டலில் உட்கார்ந்து யோசித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

"இத ஏறும்போது யாரும் சொல்லலையே?"

கமால் சங்கடத்தோடு அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினான். எறும்பு எறும்பாக எழுத்து. ருக்குமணி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். ஏழாவது வரியில் எல்லாம் இருந்தது. கட்டும்போது கப்பல் விலை, திருப்பும்போது கப்பல் விலை, நூற்றுக்கு மூன்று. முன்பக்கத்தில் அவள் கையெழுத்து.

"முந்நூறு மட்டும் கட்டியிருந்தா ஒண்ணும் பெருசா போயிருக்காது, கக். நிறையப் பேரு இப்படித்தான் மாட்டிக்கிறாங்க" என்றான் கமால் மெதுவாக. அவன் சம்பளக்காரன், அவனோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது.

ருக்குமணி கேபினுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மேல்தளத்தில் இருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, அதை விட அதிகமாக வெட்கம் வந்தது. காசைத் தின்றது கப்பல்காரன்தான். ஆனால் மொத்தக் காசையும் கொண்டுபோய் அவன் வாயில் வைத்தது யார்? சந்திரிகா சொன்னபடி முந்நூறு கட்டியிருந்தால் போதும். பின்பக்கத்தைப் பார்த்திருந்தாலும் போதும். மீன்காரரிடம் பார்க்கத் தெரிகிறது, இங்கே தெரியவில்லை. 'ஒரு சென் குறையாது' என்று சொன்ன வாய்க்கு இப்போது இருபத்துநான்கு வெள்ளி குறைகிறது ஒவ்வொருத்திக்கும். அது ஒரு நாள் கூலிக்கு மேலே.

அப்போதுதான் கைப்பையில் அய்யாக்கண்ணு கொடுத்த நூற்றைம்பது ஞாபகம் வந்தது. அவள் எதுவும் வாங்கியிருக்கவில்லை. குறைவது நூற்று நாற்பத்துநான்கு. யாரோ அளந்து வைத்தது போல் இருந்தது. எடுத்துச் சேர்த்து, ஆறு உறைகளில் இருநூற்றுப் பதினெட்டு வெள்ளியாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதினாள். தன் காசு போனால் போகட்டும், வார்த்தை நிற்கட்டும். ரசீதை நாலாக மடித்துப் பையின் அடியில் தள்ளினாள். எழுந்தபோது மனம் லேசாகத்தான் இருந்தது. குறைந்தபட்சம் அப்படி நினைத்துக்கொண்டாள்.

கரை இறங்கியதும் கணக்கு என்பது பேச்சு. துறையிலிருந்து நடந்து பினாங்கு வீதிப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். ஆறு தோசை, நுரை பொங்க ஆற்றிய ஆறு தே தாரேக் தேநீர். கால் இன்னும் கப்பலிலேயே ஆடுகிறது என்று ரொஸ்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். ருக்குமணி உறைகளை எடுத்துக் கொடுத்தாள்.

சந்திரிகா எண்ணிப் பார்த்தாள். இரண்டு முறை எண்ணினாள். பிறகு நிமிர்ந்து மற்றவர்களிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, எரநூத்துப் பதினெட்டு. நேத்து சாயங்காலம் சொன்னது அப்படியே. அக்கா கையில குடுத்தா பேங்குல குடுத்தத விட நல்லது. நான் நாலு வருஷமா அக்கா மேல வருத்தமா இருந்தேன். ஆனா ஒண்ணு, எனக்கு ஒரு ஞாயம், அவங்களுக்கு ஒரு ஞாயம்னு இல்ல. எல்லாருக்கும் ஒரே கண்ணாடிதான்."

ருக்குமணி பிய்த்த தோசையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். கீறல் விழுந்த சில்லை மற்ற சில்லுகளோடு கலந்து அனுப்பியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அதுவும் யாருக்கு முன்னால்.

"நில்லுங்க" என்றாள். "எல்லாரும் உறைய கீழ வைங்க."

"என்ன அக்கா?"

"வைங்க சொல்றேன். லாட்ட நிறுத்தியாச்சு."

ஆறு உறைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையின் அடியிலிருந்து ரசீதை எடுத்து விரித்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். இரண்டு அறுபது, இரண்டு நாற்பது, நூற்றுக்கு மூன்று, பின்பக்கம், ஏழாவது வரி, அய்யாக்கண்ணுவின் நூற்றைம்பது, எதையும் விடவில்லை. "சந்திரிகா சொன்னத கேட்டிருந்தா இது நடந்திருக்காது. நான் கேக்கல. இப்ப மூடி மறைக்கவும் பாத்தேன்" என்று முடித்தாள். பிறகு பிங்க் தாள் ஒன்றைக் கிழித்து, முன்பக்கம் திருப்பி, குறை என்ற இடத்தில் 'பின்பக்கம் பார்க்காமல் முன்பணம் கட்டியது, நட்டம் 144 வெள்ளி' என்று எழுதினாள். செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டாள். 

 ரொஸ்னாதான் முதலில் வாயைத் திறந்தாள். "தாப்பா லா, கக், போனா போவுது. இருபத்துநாலு வெள்ளிக்கா இப்படி?" என்றாள்.

"காசுக்கு இல்ல" என்றாள் ருக்குமணி. "நான் எத்தன பேர இதுல கையெழுத்துப் போட வச்சிருக்கேன்."

சந்திரிகா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். பேனாவையும் வாங்கினாள். பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். அதற்குப் பிறகு ருக்குமணியைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தக் கொறயால வேல நின்னுச்சா அக்கா?"

"எந்த வேல?"

"கப்பல்ல போனமா? போனோம். கடல பாத்தமா? பாத்தோம். பாடினமா, படம் எடுத்தமா, உசுரோட திரும்பி வந்தமா? அப்ப எங்க நின்னுச்சு?" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தாள்.

"அதுக்கு எஞ்சினியர் கையெழுத்து வேணும்" என்றாள் ருக்குமணி. பழக்க தோஷம், வாயில் தானாக வந்துவிட்டது. ரொஸ்னா தாளைப் பிடுங்கி, எஞ்சினியர்கள் போடுவது போல யாருக்கும் புரியாத சுழியாக ஒரு கையெழுத்தைப் போட்டு, கீழே தேதியும் எழுதினாள். மற்ற மூன்று பேரும் சிரிப்பில் தே தாரேக்கைச் சிந்தினார்கள்.

பிறகு உறைகளைப் பிரித்துத் திரும்ப எண்ணினார்கள். ஆளுக்கு நூற்றுத் தொண்ணூற்றுநான்கு. அய்யாக்கண்ணுவின் காசு ருக்குமணியின் பைக்கே போயிற்று. அவள் எவ்வளவு சொல்லியும் ஒருத்தியும் கேட்கவில்லை. ஷூவுக்கு அது போதும், இரண்டு ஜோடிக்கே போதும் என்றாள் சந்திரிகா.

தோசைத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். ருக்குமணி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது கட்டத்தில் டிக் விழுந்த தாள் ஒன்றைத் தன் பெயரோடு அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சண்டை போட்டு அதை அடிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. நெஞ்சில் எதுவோ இளகிக் கண் வரை வந்துவிட்டது.

"சந்திரிகா" என்றாள். "அந்த லாட்டு. எழுத்து சாஞ்சிருந்துச்சே."

"ம்."

"அதுவும் மூணாவது கட்டம்தான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

 சந்திரிகா தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள். கண் கலங்கியிருந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிறகு தன் உறையை மறுபடி திறந்து, அறுபது வெள்ளியை எண்ணி எடுத்து, ருக்குமணியின் முன்னால் வைத்தாள்.

"அடுத்த வருஷத்துக் கூட்டுக்கு முதல் மாசக் காசு. நீங்களே பிடிங்க அக்கா" என்றாள். "பின்பக்கத்த மட்டும் நான் படிக்கிறேன்."